பழைய பியூஜோ ரேஸ் சைக்கிள், வலது பக்க பிபி கப் அசையவே இல்லை. எந்தப் பக்கம் திருப்ப வேண்டும்?

முட்டம் கரையோரம்:

எல்லாருக்கும் வணக்கம். என்னிடம் ஒரு வெள்ளை பியூஜோ பிஎக்ஸ்-10 இருக்கிறது. குளச்சலில் கப்பல் வேலைக்குப் போய்வந்த பெரியவர் ஒருவர் 1970களில் பிரான்சில் வாங்கிக் கொண்டுவந்தது. வீட்டை இடித்துக் கட்டும்போது அவர் பிள்ளைகள் எனக்குக் கொடுத்தார்கள். ரெனால்ட்ஸ் 531 ஸ்டிக்கர் பாதி உரிந்து நிற்கிறது. மாஃபாக் பிரேக், சிம்ப்ளெக்ஸ் கியர், ஸ்ட்ராங்லைட் கிராங்க் எல்லாம் அப்படியே இருக்கின்றன. சக்கரம் இரண்டையும் ஓவராயில் பண்ணி டயர் மாற்றி ஓட்டிப் பார்த்தேன், இவ்வளவு லேசான வண்டியை இதுவரை நான் சவுட்டியதே இல்லை.

பிரச்சினை நடுவில், கிராங்க் அச்சு குண்டுகளில் சுற்றும் பாட்டம் பிராக்கெட்டில் (பிபி) தான். கிராங்க் சுற்றும்போது கரகரவென்று அரைபடும் சத்தம் வருகிறது, பக்கவாட்டில் பிடித்து அசைத்தால் ஆட்டமும் இருக்கிறது. பக்கத்து ஊர்க் கடைக்குக் கொண்டுபோனேன். நல்ல கைக்காரர், எங்கள் வீட்டு ஹெர்குலிஸ் வண்டிகளெல்லாம் அவர் பார்த்ததுதான். வலது கிராங்கின் போல்ட் ஏற்கெனவே லூஸாக இருந்ததால் மரச்சுத்தியலால் தட்டியதும் கிராங்க் வந்துவிட்டது. இடது கிராங்க் வரவில்லை, அவரிடம் இருந்த, கிராங்கை இழுத்தெடுக்கும் புல்லர் மரையில் பிடிக்காமல் உள்ளே போய் சும்மா சுற்றுகிறது. அதை விட்டுவிட்டு வலது பக்க கப்பில் ஸ்பேனர் போட்டு வலஞ்சுழியாகத் திருப்பினார். அசையவில்லை. பைப் சொருகி இரண்டு பேர் சேர்ந்து அழுத்தியும் அசையவில்லை. கேஸ் வைத்துச் சூடு பண்ணினால் வரும் என்றார், பெயின்ட் போய்விடுமே என்று வண்டியை எடுத்து வந்துவிட்டேன்.

கப் எந்தப் பக்கம் திருப்பினால் கழலும்? இடது கிராங்கை எப்படி எடுப்பது? பழைய செட்டைக் கழற்றி எறிந்துவிட்டு நம்மூர் பிபி செட் போட்டுவிடலாம், அளவு ஒன்றுதான் என்கிறார் கடைக்காரர். அது சரியா? ஆடி மாசக் காற்றுக்கு முன்னால் இந்த வண்டியில் ஆரல்வாய்மொழி வரை ஒருதடவை போய்வர வேண்டும் என்று ஆசை.


தக்கலை பழையவண்டி:

தம்பி, கேஸ் வேண்டவே வேண்டாம், வண்டியை எடுத்து வந்தது நல்லதாகப் போயிற்று. அந்தக் கடைக்காரர் மேலும் குறை சொல்ல முடியாது. நம்மூரில் ஓடும் ஹீரோ, அட்லஸ், ஹெர்குலிஸ் வகை வண்டிகளில் வலது பக்க கப்புக்கு இடது மரை, அதனால் வலஞ்சுழியாகத் திருப்பினால்தான் கழலும். வருஷக்கணக்காக அதைச் செய்த கை வேறு எந்த வண்டியைக் கண்டாலும் அதே பக்கம்தான் போகும். உங்கள் வண்டி பிரெஞ்சு வண்டி. பெரும்பாலும் இரண்டு பக்கமும் வலது மரையாக இருக்கும், கழற்ற இடஞ்சுழி. அப்படியென்றால் இரண்டு பேர் பைப் போட்டு அழுத்திய பலம் முழுக்க கப்பை இறுக்கத்தான் போயிருக்கிறது.

பழைய ரோடு வண்டிகளில் நீங்கள் சந்திக்கக்கூடிய மரைகள் முக்கியமாக நான்கு. பிரிட்டிஷ், அதாவது பிஎஸ்ஏ மரை: விட்டம் 1.37 அங்குலம், அங்குலத்துக்கு 24 மரை, வலது பக்கம் இடது மரை, ஷெல் (பிபி உட்காரும் பிரேம் குழாய்) அகலம் 68 மி.மீ. இத்தாலிய மரை: 36 மி.மீ. விட்டம், அங்குலத்துக்கு 24 மரை, இரண்டு பக்கமும் வலது மரை, ஷெல் 70 மி.மீ. பிரெஞ்சு: 35 மி.மீ. விட்டம், மரைக்கு மரை 1 மி.மீ., இரண்டு பக்கமும் வலது மரை, ஷெல் 68. நாலாவது சுவிஸ், இதுதான் ஆளை ஏமாற்றும். அளவெல்லாம் பிரெஞ்சு மாதிரியே 35க்கு 1, ஆனால் வலது பக்கம் மட்டும் இடது மரை. மோட்டோபெக்கான் வண்டிகளில் இதைப் பார்க்கலாம், 70களின் கடைசியில் வந்த சில பியூஜோக்களிலும் இருக்கிறது. அதனால் பியூஜோ என்ற பெயரை மட்டும் வைத்து பிரெஞ்சு மரை என்று முடிவுகட்டிவிடாதீர்கள்.

கப்பின் முகத்தை மண்ணெண்ணெயும் பழைய பல்துலக்கும் பிரஷ்ஷும் வைத்துத் தேய்த்துப் பாருங்கள். பெரும்பாலும் அளவு அடித்திருப்பார்கள். 35×1 என்றோ 35×100 என்றோ இருந்தால் 35 மி.மீ. வகை என்பது உறுதி, 36×24 இத்தாலி, 1.37×24 பிரிட்டிஷ். 35 மி.மீ. வகை என்று தெரிந்தபிறகு பிரெஞ்சா சுவிஸா என்பதற்கு இன்னொரு வழி இருக்கிறது. இடது கப்பையும் ஆக்ஸிலையும் எடுத்துவிட்டு ஷெல்லுக்குள் டார்ச் அடித்துப் பாருங்கள். வலது கப் மூடாமல் விட்ட மரை கொஞ்சம் உள்பக்கம் தெரிந்தால் அதன் சாய்வை இடது பக்க மரையின் சாய்வோடு ஒப்பிடலாம். இரண்டும் ஒரே பக்கம் சாய்ந்தால் பிரெஞ்சு, எதிரெதிராகச் சாய்ந்தால் சுவிஸ்.

இதையெல்லாம்விட முக்கியமான ஒன்று. வலது கப்பைக் கழற்றியே ஆக வேண்டும் என்று யார் சொன்னது? சாதாரண ஓவராயிலுக்கு அதைத் தொடவே வேண்டாம். இடது பக்கம் கப்பைப் பூட்டும் லாக் ரிங்கையும் கப்பையும் எடுங்கள், அங்கே நாலு வகையிலும் கழற்ற இடஞ்சுழிதான், குழப்பமில்லை. ஆக்ஸிலை உருவுங்கள், குண்டுகளை எல்லாம் எடுங்கள், ஷெல்லுக்குள் துணி விட்டுத் துடைத்தால் வலது கப் இருந்த இடத்திலேயே சுத்தமாகிவிடும். அதில் குண்டு ஓடும் தடம் நன்றாக இருந்தால் அப்படியே விட்டுவிடலாம். அது உட்கார்ந்து கிட்டத்தட்ட 50 வருஷம் ஆகிறது, தடம் கெடாதவரை அதை ஏன் எழுப்ப வேண்டும்?

தடம் நன்றாக இருக்கிறதா என்று பார்க்க ஒரு பால்பாயின்ட் பேனா போதும். முனையைத் தடத்தின்மேல் வைத்து மெதுவாகச் சுற்றி இழுங்கள். வழுக்கிக்கொண்டு போனால் நல்லது. இடையில் தட்டினால் அங்கே குழி விழுந்திருக்கிறது. கண்ணுக்குத் தெரியாத குழிகூடக் கைக்குத் தெரியும். முதலில் தேய்வது பெரும்பாலும் ஆக்ஸில்தான், அதன் தடம் சிறியது, அதே பாரம் குறைந்த இடத்தில் இறங்குகிறது.

நம்மூர் செட் பற்றி: போடவே கூடாது. 1.37 அங்குலம் என்பது 34.8 மி.மீ., பிரெஞ்சு 35. வித்தியாசம் 0.2 மி.மீ.தான் என்பதால் கப் உள்ளே ஏறத் தொடங்கும், பொருந்துகிறது என்றே தோன்றும். ஆனால் அங்குலத்துக்கு 24 மரை என்றால் மரைக்கு மரை 1.058 மி.மீ., உங்கள் ஷெல்லில் 1 மி.மீ. பத்து மரை போவதற்குள் அரை மில்லிமீட்டருக்கு மேல் விலகிவிடும். அங்கே இறுகும், இறுகுகிறதே என்று பலமாகத் திருப்பினால் ஷெல்லின் மரை சிதைந்துபோகும். கப் போனால் தேடி வாங்கலாம், ஷெல்லின் மரை போனால் பிரேமையே வேறு மரைக்கு வெட்ட வேண்டிவரும்.


வடசேரி லேத்:

அண்ணாச்சி சொன்னது எல்லாம் சரி. நான் கருவி விஷயம் சொல்கிறேன்.

புல்லர் பிடிக்காமல் உள்ளே சுற்றுகிறது என்றால் காரணம் இதுதான். கடையில் கிடைக்கும் புல்லர் 22 மி.மீ., மரைக்கு மரை 1 மி.மீ. ஷிமானோ, சுகினோ, கேம்பக்னோலோ எல்லாவற்றுக்கும் அது சரி. பழைய ஸ்ட்ராங்லைட் கிராங்கில் 23.35 மி.மீ. டி.ஏ. கிராங்க் என்றால் 23. உங்களுடையதற்கு 23.35 புல்லர்தான் வேண்டும், அது இல்லாமல் இடது கிராங்கில் கைவைக்காதீர்கள். சுத்தியலால் அடித்து எடுக்கலாம் என்று யாராவது சொன்னாலும் கேட்காதீர்கள், அடி முழுவதும் குண்டிலும் தடத்திலும் போய் இறங்கும். போல்ட்டைக் கழற்றிவிட்டு ஓட்டினால் தானாக லூஸாகும் என்று ஒரு வழி சொல்வார்கள், அதில் கிராங்கின் சதுர ஓட்டை உருண்டுவிடும்.

வெளிநாட்டில் இருந்து வரவழைக்கலாம், அல்லது லேத்தில் கடையலாம். நல்ல ஸ்டீல் ராடில் வெளிப்பக்கம் 23.35 மி.மீ., 1 மி.மீ. பிச்சில் மரை. நடுவில் 12 மி.மீ. போல்ட்டுக்கு மரை. அந்த போல்ட்டின் முனையை 11 மி.மீ.க்குக் கடைந்து தட்டையாக்கிவிடுங்கள், அப்போதுதான் கிராங்கின் ஓட்டையில் இடிக்காமல் ஆக்ஸிலின் முனையை மட்டும் தள்ளும். நாகர்கோவிலில் போட் என்ஜின் வேலை பார்க்கிற லேத் எதிலும் இதைச் செய்துவிடலாம், ஆனால் 23.35 என்று எழுதிக்கொடுங்கள், வாயால் சொன்னால் 23 என்று கடைந்துவிடுவார்கள். புல்லரைப் போடுமுன் கிராங்கின் மரையை பிரஷ்ஷால் நன்றாகச் சுத்தம் பண்ண வேண்டும், முழு ஆழத்துக்கும் கையால் திருகி ஏற்ற வேண்டும். கிராங்க் போல்ட்டின் கீழே வாஷர் இருக்கும், அதை எடுத்தாயிற்றா என்று ஒருதடவைக்கு இரண்டு தடவை பாருங்கள். வாஷர் உள்ளே இருக்கும்போது புல்லரை இறுக்கி கிராங்கின் மரையை உரித்தவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன்.

வலது கப்பில் குழி இருந்து, கழற்றியே ஆக வேண்டும் என்று வந்தால்: நம்மூர் வண்டிக்கு ஒரு எளிய முறை உண்டு. கப்பின் ஓட்டை வழியாக 16 மி.மீ. போல்ட்டை உள்ளிருந்து வெளியே விட்டு, இரண்டு பக்கமும் கனமான வாஷர் வைத்து, வெளியே நட்டை வலஞ்சுழியாக இறுக்கிக்கொண்டே போக வேண்டும். நட் இறுகி முடிந்ததும் அதே திருப்பத்தில் கப் கழலும். பிரிட்டிஷ் மரைக்கும் சுவிஸ் மரைக்கும் இது அருமையாக வேலை செய்யும். பிரெஞ்சு, இத்தாலிய மரைக்கு இப்படிச் செய்ய முடியாது, இடஞ்சுழியாகத் திருப்பும்போது கப்புக்கு முன்னால் நட்தான் கழலும். இரண்டாவது நட் போட்டு ஒன்றோடு ஒன்று பூட்டினால் ஓரளவு நிற்கும்.

அதைவிட நல்லது பெஞ்ச் வைஸ். கப்பில் தட்டை வெட்டு இருக்கிறது அல்லவா, பிரேமைப் படுக்கவைத்து வலது பக்கம் கீழே இருக்கும்படி அந்தத் தட்டை வெட்டை வைஸில் இறுக்கிப் பிடித்துவிட்டு, பிரேமையே நெம்புகோலாக வைத்துச் சுற்ற வேண்டும். மேலே நின்று பார்த்தால் பிரெஞ்சு மரைக்குப் பிரேம் இடஞ்சுழியாகப் போகணும், பிரிட்டிஷ் மரைக்கும் சுவிஸ் மரைக்கும் வலஞ்சுழி. முந்தின நாளே துரு இளக்கும் எண்ணெயை ஷெல்லின் உள்பக்கமாக விட்டு ஊறவையுங்கள். வைஸ் ஆடாமல் இருக்க வேண்டும், மேஜை தரையோடு போல்ட் போட்டதாக இருக்க வேண்டும், ஸ்பேனர் வழுக்கிக் கப்பின் முனை மழுங்கும் பிரச்சினையே இதில் இல்லை.


தோவாளை பூக்காரன்:

இடையில் வருவதற்கு மன்னிக்கணும். எங்கள் தாத்தா காலத்து ராலே ஒன்று இருக்கிறது, இங்கிலாந்தில் நாட்டிங்ஹாமில் செய்தது என்று தகட்டில் இருக்கிறது. காட்டர் பின் (கிராங்கை ஆக்ஸிலோடு பூட்டும் ஆப்பு) போட்ட கிராங்க். அதற்கு நம்மூர் பிபி கப் பொருந்துமா?


தக்கலை பழையவண்டி:

பெரும்பாலும் பொருந்தாது. நாட்டிங்ஹாம் ராலே வண்டிகளில் பலவற்றில் அங்குலத்துக்கு 26 மரை, ஷெல் அகலமும் 71 அல்லது 76 மி.மீ. ஷெல்லை அளந்து பாருங்கள், 68 இல்லை என்றால் உங்களுடையதும் அதுதான். கப்பைப் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள், அதை மாற்ற நினைக்காதீர்கள்.

காட்டர் பின்னை எடுக்கும்போது நட்டை முனையோடு சமமாக வரும்வரை மட்டும் தளர்த்தி, கிராங்கின் கீழே பின் இருக்கும் இடத்தைச் சுற்றி தரையில் ஊன்றிய இரும்புக் குழாயை முட்டுக்கொடுத்துவிட்டு, கனமான சுத்தியலால் நேராக ஒரே அடி. முட்டு இல்லாமல் சின்னச் சின்னதாக அடித்தால் பின் வளையும், அடி பிபி குண்டுக்குப் போகும். புதுப் பின் 9.5 மி.மீ. வாங்குங்கள். சாய்வு வெட்டு முழுவதும் ஆக்ஸிலில் படியும்படி அரத்தால் ராவ வேண்டும், இரண்டு பின்னும் எதிரெதிர்த் திசையில் போக வேண்டும், இல்லாவிட்டால் கிராங்க் இரண்டும் ஒரே கோட்டில் நிற்காது. பின்னை அடித்து உட்காரவைத்த பிறகுதான் நட். நட்டை இறுக்கி பின்னை இழுக்கப் பார்த்தால் மரை போய்விடும். மேற்கொண்டு தனி இழையில் கேளுங்கள், இங்கே முட்டம் தம்பியின் வண்டி நடக்கட்டும்.


முட்டம் கரையோரம்:

ரொம்ப நன்றி அண்ணாச்சி, லேத் அண்ணனுக்கும் நன்றி. புல்லர் எழுதிக்கொடுத்துக் கடைந்து வாங்கினேன், இடது கிராங்க் அழகாக வந்துவிட்டது. வலது கப்பைத் தேய்த்ததும் 35×1 என்று தெரிந்தது. உள்ளே பார்த்தால் மரை இரண்டு பக்கமும் ஒரே சாய்வு, ஆக பிரெஞ்சு.

உள்ளே கிரீஸ் என்று ஒன்றுமே இல்லை. கறுப்பாகக் காய்ந்த பொடியும், சிவப்பும் கறுப்புமாகக் கடற்கரை மணலும்தான் இருந்தன. பேனா வைத்துப் பார்த்தேன். வலது கப் நன்றாக வழுக்குகிறது, இடது கப்பில் லேசாக ஒரு இடத்தில் தட்டுகிறது, ஆக்ஸிலில் வலது பக்கத் தடத்தில் கண்ணுக்கே தெரியும் குழிகள். குண்டுகள் அவற்றைப் பிடிக்கும் கேஜ் வளையத்தில் இருந்தன, பல மங்கிப்போய்விட்டன. இனி என்ன செய்வது? அந்தக் குழிவிழுந்த ஆக்ஸிலை லேத்தில் பாலிஷ் போட்டால் சரியாகுமா?


வடசேரி லேத்:

ஆக்ஸிலைப் பாலிஷ் போடாதீர்கள். தடத்தின் மேல்தோல் மட்டும்தான் கடினப்படுத்தியது, உள்ளே மெதுவான இரும்பு. குழி போகும்வரை கடைந்தால் அந்தத் தோல் போய்விடும், கொஞ்ச நாளில் முன்பைவிட மோசமாகும். வேறு ஆக்ஸில்தான் வேண்டும்.


தக்கலை பழையவண்டி:

வலது கப் நன்றாக இருப்பது பெரிய அதிர்ஷ்டம். அதைத் தொடாதீர்கள்.

ஆக்ஸில் வாங்கும்போது மொத்த நீளத்தை மட்டும் சொல்லி வாங்காதீர்கள். இரண்டு தடங்களுக்கும் இடையே உள்ள தூரம், வலது தடத்திலிருந்து வலது முனைவரை, இடது தடத்திலிருந்து இடது முனைவரை, மூன்றையும் வெர்னியரில் அளந்து எழுதிவையுங்கள். வலது முனை நீளமாக இருக்கும், மாட்டும்போதும் அது செயின் பக்கம்தான் போகணும். ஜப்பான் ஆக்ஸில் கிடைத்தால் அதில் அடித்திருக்கும் எண்ணைப் பாருங்கள், 3 என்றால் 68 மி.மீ. ஷெல்லுக்கு, 5 என்றால் 70க்கு. சதுர முனையிலும் இரண்டு அளவுத்தரம் உண்டு, ஐஎஸ்ஓ, ஜப்பானின் ஜேஐஎஸ். சாய்வு இரண்டிலும் 2 டிகிரிதான், ஆனால் ஜேஐஎஸ் முனை கொஞ்சம் தடிமன். ஐஎஸ்ஓ கிராங்கை ஜேஐஎஸ் ஆக்ஸிலில் மாட்டினால் கிட்டத்தட்ட 4.5 மி.மீ. வெளியே நிற்கும், செயின் நேர்க்கோடு போய்விடும். அதனால் பழைய ஆக்ஸிலில் கிராங்க் எவ்வளவு உள்ளே போய் நிற்கிறது என்று குறித்துவைத்துக்கொண்டு புதியதில் ஒப்பிட்டுப் பாருங்கள். உங்கள் வலது கிராங்க் லூஸ் போல்ட்டோடு ஓடியது என்று சொன்னீர்கள், அதன் சதுர ஓட்டையின் மூலைகளையும் வெளிச்சத்தில் பார்த்துவிடுங்கள். மூலை கூர்மையாக இருந்தால் பயமில்லை.

பழைய ஆக்ஸில் கிடைக்கவே இல்லை என்றால் வேறு வழியும் உண்டு. அமெரிக்காவில் ஃபில் வுட் கம்பெனி பிரெஞ்சு மரைக்கு என்றே தனி வளையம் விற்கிறது, அதில் சீல்டு பேரிங் போட்ட பிபி மாட்டலாம். வெலோ ஆரஞ்ச் விற்கும் ஒன்று மரையையே நம்புவதில்லை, ஷெல்லுக்குள் விரிந்து பிடித்துக்கொள்ளும், மரை போன பிரேமுக்குக்கூட ஆகும். ஆனால் அதற்கெல்லாம் வலது கப்பைக் கழற்ற வேண்டும், செலவும் கூடுதல். நான் உங்கள் இடத்தில் இருந்தால் ஆக்ஸிலும் இடது கப்பும் தேடுவேன். இந்த வண்டி 50 வருஷம் ஓடியது இந்த முறையில்தான், கிரீஸ் மாற்றினால் இன்னும் ஓடும்.

குண்டு 1/4 அங்குலம், 6.35 மி.மீ. கேஜைத் தூக்கிப் போட்டுவிட்டு லூஸாகப் பக்கத்துக்கு 11 போடுங்கள், பாரம் கூடுதல் குண்டில் பிரியும். மொத்தம் 22ஐயும் ஒரே பாக்கெட்டிலிருந்து எடுங்கள். பழையதும் புதியதும் கலக்கக் கூடாது. நுண்ணிய அளவு வேறுபட்டால்கூட பெரிய குண்டே எல்லாப் பாரத்தையும் சுமக்கும்.


குலசேகரம் ரப்பர்காடு:

கிராங்கை மாட்டும்போது சதுர முனையில் லேசாக கிரீஸ் தடவ மறக்காதீர்கள். நம்ம மாவட்டத்தில் தென்மேற்குப் பருவமழையும் வடகிழக்கும் இரண்டும் உண்டு, மலையோரமானால் கேட்கவே வேண்டாம். காய்ந்த முனையில் அலுமினியமும் இரும்பும் ஒட்டிப் பிடித்துவிடும், அடுத்த தடவை எடுக்கும்போது கிராங்கே போகும்.


வடசேரி லேத்:

இதில் நான் ஒத்துப்போகமாட்டேன். கிரீஸ் போட்டால் கிராங்க் ஒவ்வொரு தடவை இறுக்கும்போதும் இன்னும் கொஞ்சம் மேலே ஏறும், அலுமினியம் விரியும், கடைசியில் மூலையில் விரிசல் விழும். துடைத்துக் காய்ந்த முனையில் மாட்டுங்கள். போல்ட்டின் மரையிலும் வாஷரிலும் மட்டும் கிரீஸ்.


குலசேகரம் ரப்பர்காடு:

இறுக்கும் அளவு சரியாக இருந்தால் அப்படி ஏறாது அண்ணே. 30 முதல் 40 நியூட்டன் மீட்டருக்குள் டார்க் ரெஞ்ச் வைத்து இறுக்கினால் போதும். விரிசல் விழுவது திரும்பத் திரும்ப போல்ட்டை இறுக்குகிறவர்களுக்குத்தான். நான் மெல்லிய பூச்சு என்றுதான் சொல்கிறேன், அப்பிவைக்கச் சொல்லவில்லை.


தக்கலை பழையவண்டி:

இரண்டு விதமாகவும் மாட்டி நன்றாக ஓடும் வண்டிகளை நான் பார்த்திருக்கிறேன். முட்டம் தம்பி கடற்கரையில் இருப்பதால் நான் மெல்லிய பூச்சுப் பக்கம். ஆனால் முதல் ஓட்டத்துக்குப் பிறகு ஒருதடவை போல்ட்டைச் சரிபார்த்துவிட்டு அதோடு விட்டுவிட வேண்டும், இதில் லேத் தம்பி சொல்வது முழுக்கச் சரி.

இடது கப்பை அட்ஜஸ்ட் பண்ணுவது பற்றியும் சொல்லிவிடுகிறேன், முக்கால்வாசிப் பேர் தடுமாறும் இடம் இது. கப்பைக் கையால் ஏற்றி, ஆட்டம் போகும்வரை பைய இறுக்கி, கப்பை அதன் முகத்து ஓட்டைகளில் மாட்டும் பின் ஸ்பேனரால் அசையாமல் பிடித்துக்கொண்டு லாக் ரிங்கை இறுக்க வேண்டும். லாக் ரிங் இறுகும்போது கப்பை வெளிப்பக்கம் கொஞ்சம் இழுக்கும், அதனால் ஆட்டம் கொஞ்சம் திரும்ப வரும். முதலிலேயே ஒரு துளி இறுக்கமாக வைத்தால் ரிங் இறுகியதும் சரியாக வந்து நிற்கும். விரலால் ஆக்ஸிலைச் சுற்றினால் எங்கும் தடுக்காமல் போகணும். கிராங்க் மாட்டி, செயின் போடாமல், கிராங்கின் முனையைப் பிடித்துப் பக்கவாட்டில் அசைத்துப் பாருங்கள், விரலால் தெரியாத ஆட்டம் அங்கே தெரியும். ஒரே தடவையில் சரியாக வராது, அவசரப்படக் கூடாது.

வலது கப்பும் இறுக்கமாக இருக்கிறதா என்று அவ்வப்போது பார்க்கணும். சவுட்டும்போது கப் கிராங்க் சுற்றும் திசைக்கு எதிர்ப்பக்கம் மெல்ல நகரப் பார்க்கும், பிரிட்டிஷ்காரர்கள் வலது பக்கம் இடது மரை வைத்தது அதனால்தான். பிரெஞ்சு, இத்தாலிய வண்டியில் அந்தப் பாதுகாப்பு கிடையாது, வலது கப் நல்ல பலமாக இறுகியிருந்தால்தான் நிற்கும். உங்கள் கடைக்காரர் இறுக்கிக் கொடுத்துவிட்டார், இனி கவலையில்லை. என்றாவது கழற்றி மாட்டினால் மரையைச் சுத்தம் பண்ணி மரையைப் பிடித்துவைக்கும் நீல லாக்டைட் பசை போட்டு மாட்டுங்கள்.


மணவாளக்குறிச்சி மண்:

உள்ளே சிவப்பும் கறுப்புமாக மணல் என்று எழுதியிருந்தீர்களே, அதைத்தான் சொல்ல வந்தேன். நம் கரையில் முட்டத்திலிருந்து மணவாளக்குறிச்சி வரை இருக்கும் அந்தக் கறுப்பு இல்மனைட், சிவப்பு கார்னெட். கார்னெட்டைத்தான் தேய்ப்புத் தாளில் ஒட்டுகிறார்கள். அது குண்டுக்குள் போனால் எந்த நல்ல ஸ்டீலும் தாங்காது. ஆகவே துடைக்கும்போது ஷெல்லை மட்டும் துடைத்தால் போதாது. சீட் குழாய், கீழ்க்குழாய் உள்ளேயும் மணல் தங்கியிருக்கும், பிரேமைக் கவிழ்த்துத் தட்டி, மண்ணெண்ணெய் விட்டுக் கழுவி, காய்ந்த பிறகுதான் கிரீஸ்.

அப்புறம் ஒரு தண்ணீர் பாட்டிலை வெட்டிச் சுருட்டி, இரண்டு கப்புக்கும் இடையில் ஆக்ஸிலைச் சுற்றிக் குழாய் மாதிரி நிற்கும்படி வையுங்கள். சீட் குழாய் வழியாக இறங்கும் தண்ணீரும் துருவும் குண்டில் விழாது. ஷெல்லின் அடியில் சின்ன ஓட்டை இருந்தால் அதை அடைக்காதீர்கள், தண்ணீர் வெளியேற அதுதான் வழி. கிரீஸுக்கு சின்னமுட்டம், குளச்சல் துறைமுகப் பக்கம் போட்டுக்குப் போடும் தண்ணீர் தாங்கும் கிரீஸ் கேளுங்கள், உப்புக்காற்றுக்கு அதுதான் சரி. மழையில் ஓட்டினால் வந்ததும் சீட்டைத் தாங்கும் சீட் பின்னை உருவி வண்டியைக் கொஞ்ச நேரம் தலைகீழாக வையுங்கள். கரைப்பக்கம் ஓட்டுகிற வண்டிக்கு வருஷத்துக்கு ஒருதடவையாவது பிபியைத் திறக்கணும், ஐப்பசி மழை முடிந்ததும் செய்வது நல்லது.


முட்டம் கரையோரம்:

எல்லாவற்றையும் எழுதிவைத்துக்கொண்டேன். பழைய ஆக்ஸிலும் இடது கப்பும் ஒரு இடத்தில் சொல்லிவைத்திருக்கிறேன், மூன்று அளவும் அனுப்பியாயிற்று. கிராங்கின் மூலைகள் கூர்மையாகவே இருக்கின்றன. அது வருவதற்குள் பெடலையும் மாற்றிவிடலாமா என்று பார்க்கிறேன், பழைய பெடல் வளைந்திருக்கிறது. கடையில் கிடைக்கும் பெடல் போடலாமா?


தக்கலை பழையவண்டி:

போடாதீர்கள் தம்பி, அங்கேயும் அதே கதைதான். கடையில் கிடைப்பது 9/16 அங்குலம், அங்குலத்துக்கு 20 மரை. பிரெஞ்சு கிராங்கில் 14 மி.மீ., 1.25 பிச். 9/16 என்பது 14.3 மி.மீ., கொஞ்சம் பெரியது, பலமாக ஏற்றினால் கிராங்கின் மரையை வெட்டிக்கொண்டே போகும். பழைய பெடலின் முனையில் டி என்றும் ஜி என்றும் பிரெஞ்சு எழுத்து அடித்திருக்கிறதா பாருங்கள், டி வலது, ஜி இடது. அப்படி இருந்தால் 14 மி.மீ.தான் என்று எடுத்துக்கொள்ளலாம், வெர்னியரிலும் ஒருதடவை அளந்துவிடுங்கள். வளைந்தது கூண்டு மட்டும் என்றால் லேத் தம்பியிடம் கொடுத்து நிமிர்த்தி, கோன் கழற்றி குண்டும் கிரீஸும் மாற்றினால் அந்தப் பெடலே போதும். அச்சே வளைந்திருந்தால் 14 மி.மீ. பழைய பெடல் தேடுங்கள், அல்லது நல்ல டாப் (உள்மரை வெட்டும் கருவி) வைத்திருக்கும் இடத்தில் கிராங்கை 9/16க்கு வெட்டிக்கொள்ளலாம், 14 மி.மீ.யிலிருந்து அதற்கு மாற்றும் அளவுக்கு அலுமினியம் மிச்சமிருக்கிறது. இடது கிராங்குக்கு இடது மரை டாப் தனியாக வேண்டும், அது இருக்கிறதா என்று கேட்டபிறகு கிராங்கைக் கொடுங்கள்.